கண்மணி அண்ணியின் காரில் சிந்திய பால்

கண்மணி அண்ணி என்னிடம் பணம் கேட்டிருந்தால்கூடத் தேவலை. கொடுத்துத் தொலைத்துவிட்டு, மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அவர் கேட்கவில்லை. பெருந்தன்மையாக என்னை மன்னித்துவிட்டார். அதுவும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சொந்தபந்தம் அத்தனை பேரும் கேட்கும்படி குரல் பதிவு போட்டு மன்னித்தார்.

"யாரும் நிரஞ்சனாவ ஒண்ணும் கேக்காதீங்க. வேணும்னேவா செஞ்சிருப்பா? பாவம், பால்குடத்த மடியில வச்சிருந்தா, கை தவறியிருக்கும். அப்பவே எங்கிட்ட சொல்லியிருந்தா தொடச்சுவிட்டிருப்பேன். சொல்லல. கார் போனா போகுது, இரும்புதானே. முருகனுக்கு எடுத்த பாலு காலடியில சிந்துச்சே, அதத்தான் என்னால தாங்க முடியல. அந்தப் புள்ளைக்கு ஏன் மறுபடி வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது."

அந்தப் பிள்ளை என் மகள் தாரணி. பதினெட்டு வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மருந்தை மாற்றிய பிறகு ஒரு வருடம் முழுக்க வரவே இல்லை. அப்படி வராமல் இருந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். தைப்பூசத்தன்று எடுத்தேன். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடந்தேன். அபிஷேகம் முடிந்ததும் அடியில் கொஞ்சம் பாலோடு குடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். டோபி காட் பக்கம் காரை நிறுத்தியிருந்த கண்மணி அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, "வா, பாசிர் ரிஸ்ல உங்க வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்று கூப்பிட்டார். முன் சீட்டில் உட்கார்ந்தேன். குடம் மடியில் இருந்தது, வாயில் மஞ்சள் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பாலை மூன்று டம்ளரில் ஊற்றி மூன்று பேரும் குடித்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சில வாரம் கழித்து, தாரணி பாலிடெக்னிக் கேண்டீனில் வலிப்பு வந்து தட்டோடு விழுந்தாள். அந்தச் சூடு ஆறுவதற்குள் அண்ணியின் காருக்குக் கிறுக்குப் பிடித்தது. கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடியது. ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கியது. ஒரு நாள் ஆங் மோ கியோவில் அவருடைய அடுக்குமாடி புளோக் கார்பார்க்கில் ஹார்ன் நிற்காமல் அலற, அக்கம்பக்கம் முழுக்க எட்டிப் பார்த்ததாம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போனது. முன் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், விரிப்புக்கு அடியில் ஒரே ஈரம். அங்கே இருக்கிற மின்சாரக் கட்டுப்பாட்டுப் பெட்டி அரித்துப்போய்விட்டது. பால் உள்ளே இறங்கியிருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். முன் சீட்டில் பாலோடு உட்கார்ந்தது யார்? நான்தான். அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது!

குரல் பதிவு வந்த அன்றே என் வீட்டுக்காரரின் சித்தி பாப்பாத்தி சின்னம்மா போன் செய்தார். என்னென்ன பரிகாரம் செய்யலாம் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். நான் சிந்தவே இல்லை என்று சொன்னேன். "சரிம்மா, சரிம்மா, பயத்துல மறந்திருப்ப" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

என் வீட்டுக்காரர் குமரன் பேருந்து ஓட்டுநர். பயணிகள் எவ்வளவு திட்டினாலும் கதவை மூடிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போகிற மனிதர். "விடு நிரஞ்சனா, அக்கா எப்பவும் அப்படித்தானே" என்றார். அவர் விட்டுவிடுவார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மறுநாள் காலை, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தாரணி கேட்டாள்: "அம்மா, நெஜமாவே கொஞ்சம்கூட சிந்தலயா?"

பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்கிறாள். சிந்தலடி என்றேன். தலையாட்டிவிட்டு மாத்திரையை விழுங்கினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். கண்மணி அண்ணி எந்த வாயால் சொன்னாரோ அதே வாயால், அத்தனை பேர் முன்னாலும், தாரணியின் முகத்தைப் பார்த்து, பால் சிந்தவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைக்க வேண்டும். மன்னிப்பது, மறப்பது எல்லாம் பெரிய மனசுக்காரர்களின் வேலை. எனக்கு அது வராது.

வழி தெரியாமல்தான் கொஞ்ச நாள் பொருமிக்கொண்டிருந்தேன். பிறகு அண்ணியே வழி காட்டினார். புதுப் பெட்டி போட்டு, விரிப்பைக் கழுவிக் காயவைத்து வாங்கி வந்த கார், இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு மறுபடியும் செத்துவிட்டது. உடனே இன்னொரு குரல் பதிவு. "புதுசு மாத்தியும் போயிடுச்சு. அந்தப் பாவம் இன்னும் வண்டிய விட்டுப் போகல போல."

அதை நான் அலுவலகத்தில் கேட்டேன். ஊபி வட்டாரத்தில் ஏர்கான் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. நாள் முழுக்கக் குறை கேட்கிறவள் நான். கூப்பிடுகிறவர்கள் யாரும் குறையைச் சொல்ல மாட்டார்கள், காரணத்தைத்தான் சொல்வார்கள். "கேஸ் தீந்துபோச்சு" என்பார்கள். நானும் அப்படியே தட்டச்சு செய்வேன். எங்கள் ஆட்களும் அதை நம்பி கேஸ் நிரப்பிவிட்டு வருவார்கள். மறுவாரம் அதே வீட்டிலிருந்து அதே குறை வரும். தண்ணீர் ஒழுகுகிறது என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை வடிகுழாய் அடைப்பு. எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் துடைத்துவிட்டுப் போனால், திரும்ப வரத்தான் செய்யும்.

எனக்கு இரண்டு கேள்வி பிறந்தது. கழுவிக் காயவைத்த காரில் மறுபடி ஈரம் எங்கிருந்து வந்தது? பால் என்று முதலில் சொன்னது யார்?

சனிக்கிழமை நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அண்ணியின் வெள்ளைக் கார் ஓரமாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. முதலாளி சுரேந்தர், வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற ரகம், சிரித்துக்கொண்டே வந்தார்.

"யெஸ் அக்கா, என்ன பிரச்சினை?"

"அந்த வெள்ளக் காருல பாலக் கொட்டுனவ நான்தான்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க பாத்தீங்களா? பாலு இருந்துச்சா?"

"அக்கா, லிக்விட் உள்ள போயிருக்கு லா. வாடை வேற அடிச்சுச்சு."

"ஈரத் துணிய மூட்டை கட்டி வச்சாலும்தான் வாடை அடிக்கும். பாலுன்னு முதல்ல சொன்னது நீங்களா, அவங்களா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "நான் ஈரமா இருக்குன்னுதான் சொன்னேன். ஏதாச்சும் கொட்டுச்சான்னு கேட்டேன். அவங்க யோசிச்சுப் பாத்துட்டு, ஆ, தைப்பூசத்தன்னிக்கு பால்குடம் வந்துச்சேன்னாங்க. அப்ப அதுவாத்தான் இருக்கும்னேன். கஸ்டமர் சொல்லும்போது நான் எதுக்கு இல்லங்கணும்?"

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. ஒர்க்‌ஷாப் கண்டுபிடித்தது ஈரம். அண்ணி கண்டுபிடித்தது நான். இத்தனை நாள் யார் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இப்போது தெளிந்துவிட்டது.

"தண்ணி ஊத்துங்க" என்றேன்.

"எங்க?"

"காருக்கு மேல. மழை பெஞ்சாத்தானே சாகுது? மழை மாதிரி ஊத்துங்க. நான் உள்ள உக்காந்து பாக்கிறேன்."

நேரமில்லை, ஆளில்லை என்று சாக்குச் சொன்னார். நான் போனில் முரட்டு வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரலை எடுத்தேன். ஒரே கோளாறுக்கு இரண்டு தடவை பெட்டி மாற்றிய கதையை எங்கே சொன்னால் எடுபடும் என்று எனக்குத் தெரியும் என்றேன். குழாய் வந்தது.

முன்கண்ணாடியில் தண்ணீர் அடித்தார். நான் என் பழைய இடத்தில், விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு. இன்னொன்று. அப்புறம் கோடாக இறங்கிப் புதுப் பெட்டியின் மேல் வழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். இதோ சிந்துது பாருங்க பாலு என்று கத்தினேன். பக்கத்து ஒர்க்‌ஷாப் சீனர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுரேந்தர் வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றினார். கண்ணாடியில் விழும் மழை அதற்கடியில் உள்ள தொட்டியில் இறங்கி, ஓரத்து ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும். தொட்டி நிரம்பி நின்றது. ஓட்டையில் விரலை விட்டு அவர் இழுத்தார். கொழகொழவென்று பழுப்பாக ஒரு கட்டி வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நூல் தொங்கியது. நூலில் காம்புகள். மல்லிகைக் காம்பு எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை தவறாமல் கண்மணி அண்ணி சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போவார். திரும்பும்போது ஒரு முழம் மல்லிகை வாங்கி, வைப்பரில் செருகி, கண்ணாடி ஓரமாகச் சாத்துவார். புதுக் காருக்குக் கண் பட்டுவிடக் கூடாதாம். அடுத்த வெள்ளி வரைக்கும் அது அங்கேயே காயும். உதிர்ந்தது எல்லாம் மூடியின் சந்து வழியாக உள்ளே இறங்கும். மூன்று வருட வெள்ளிக்கிழமை அத்தனையும் அந்த ஓட்டையில் இருந்தது.

"ஐயோ, இத எப்படி அவங்ககிட்ட சொல்றது லா?" என்றார் சுரேந்தர்.

"நீங்க சொல்ல வேணாம். அவங்களே பாத்துக்குவாங்க."

ஒர்க்‌ஷாப்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் கேட்டால், கழற்றிய பழைய சாமானைப் புதுச் சாமான் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அண்ணி அதை ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். போன தடவை தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று சண்டையாம். பால் பட்டுக் கெட்ட பெட்டி வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் காட்ட வேண்டுமாம். புத்தாண்டன்று காரையும் வீட்டுக்கே கொண்டுவந்து விடச் சொல்லியிருந்தார்.

"எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

"லஞ்சுக்கு."

சுவாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரைப் புத்தாண்டு மத்தியானச் சாப்பாடு வருடாவருடம் அண்ணி வீட்டில்தான். மொத்தக் குடும்பமும் அங்கே இருக்கும். பழைய பெட்டியை எடுத்துவிட்டு, இந்தக் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த அட்டைக்குள் வைக்கச் சொன்னேன். சுரேந்தர் தயங்கினார். வசவு எல்லாம் என் கணக்கு, உண்மையைக் கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும் என்றேன். அவருக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அண்ணி அவரையும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் புத்தாண்டு வரை எனக்குச் சோறு ருசித்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. குமரனிடம் சொன்னால் அக்காவுக்கு முன்கூட்டியே போன் போட்டுவிடுவார். தாரணியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளும் அண்ணியின் முகம் மாறுவதை நேரில் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அண்ணி வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. பாப்பாத்தி சின்னம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாயசக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, "பாத்தும்மா, சிந்திடாம" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சிரிங்க, நல்லாச் சிரிங்க என்று நானும் சிரித்தேன்.

வாசல் மணி அடித்தது. சாவியும் அட்டைப்பெட்டியுமாக சுரேந்தர் வந்தார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க வாங்க, சரியான நேரத்துல வந்தீங்க. எல்லாரும் பாக்கணும்னுதான் கேட்டேன். நான் யார் மேலயும் பழி சொல்றதுக்காக இல்ல. நாளைக்கு ஒருத்தரும் கண்மணி இட்டுக் கட்டிட்டான்னு சொல்லக் கூடாது பாருங்க." என்னைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார். "நீ ஒண்ணும் நெனச்சுக்காதம்மா."

"ஐயோ, இல்லண்ணி. தொறங்க" என்றேன்.

திறந்தார். பையையும் அவிழ்த்தார். முதலில் நாற்றம்தான் வந்தது. முன்னால் நின்றிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"சீ, என்ன சுரேந்தர் இது? சாக்கடையா?"

"பூவுக்கா. உங்க வண்டிக்கு வைப்பீங்களே, அந்தப் பூ. மழைத் தண்ணி போற ஓட்டய அடச்சிருந்துச்சு. அதான் தண்ணி உள்ள எறங்கி பெட்டியக் கெடுத்துச்சு. இப்ப கிளீன் பண்ணிட்டேன், இனிமே வராது."

"அப்ப பாலு?"

"பாலெல்லாம் இல்லக்கா."

"பாலுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"ஈரம்னு நான் சொன்னேன். பாலுன்னு நீங்க சொன்னீங்க."

சாவியை மேசையில் வைத்துவிட்டு, புத்தாண்டு வாழ்த்தும் சொல்லிவிட்டு அவர் நழுவிவிட்டார். அண்ணியின் முகம் வெளுத்துப்போவதை நான் நிதானமாக, ஆசைதீரப் பார்த்தேன். இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

"சாமி பூவு..." என்று ஆரம்பித்தார். "சாமிக்கு வச்ச பூவக் குத்தம் சொல்றதா?"

"சாமிக்கு வச்ச பூ இல்லண்ணி. காருக்கு வச்ச பூ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாப்பாத்தி சின்னம்மாதான். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவர்.

குமரன் என் கையைப் பிடித்து, போதும் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குப் போதவில்லை.

"குரூப்புல சொன்னீங்கல்ல, அதே மாதிரி குரூப்புலயே சொல்லுங்க. இப்ப, இங்க நின்னு. நிரஞ்சனா பாலச் சிந்தலன்னு. அப்புறம் எம் பொண்ணு முகத்தப் பாத்து அதையே சொல்லுங்க."

அண்ணி சுற்றும்முற்றும் பார்த்தார். போனை எடுத்தார். பதிவுப் பொத்தானை அழுத்தினார். "எல்லாருக்கும் வணக்கம். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. காருல பால் சிந்தல. நிரஞ்சனா மேல ஒரு தப்பும் இல்ல." பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் கூடத்தில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக டிங், டிங் என்றன. அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணியாகக் கேட்டது.

தாரணி சமையலறை வாசலில், காலித் தட்டுகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "தாரணி, உங்கம்மா சிந்தலம்மா. அத்தைதான் தப்பா நெனச்சுட்டேன்." சொல்லும்போது தொண்டை அடைத்தது. நான் வேண்டிக்கொண்டது போலவே அடைத்தது.

பிள்ளையின் முகம் மலரும், ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தட்டுகளை மேசையில் வைத்தாள்.

"அப்ப நெஜமாவே சிந்தலயாம்மா?"

"ஒரு சொட்டுகூட இல்லடி. நான்தான் அன்னிக்கே சொன்னேனே!"

"சிந்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

"என்னடி பேசுற?"

"அடுத்த வருஷம் நானே எடுத்து, சிந்தாம கொண்டுபோயிட்டா சரியாயிடும்னு நெனச்சுட்டு இருந்தேன்." அவள் அழவில்லை. கணக்கு ஒன்று ஒத்துவராதபோது புருவத்தைச் சுருக்குவாளே, அப்படிச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "மாத்திரை ஒருநாள்கூட விடல. பாலும் சிந்தல. எல்லாமே ஒழுங்காச் செஞ்சும் வந்துச்சுன்னா, அப்ப எதுக்கும்மா எனக்கு வந்துச்சு?"

யார் மேலாவது பாய வேண்டும் போல இருந்தது எனக்கு. சுரேந்தர் போயிருந்தார். அண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார், அவரைப் பார்த்தால் இப்போது ஒரு கோபமும் வரவில்லை. தாரணி பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.